கேமரா மலிவாகிவிட்டது, இனி யார் வெல்வார்?

வார இறுதிக் காலையில் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்குச் சென்று பாருங்கள். பறவைகளைப் படம் பிடிக்க நீளமான கேமராக்களுடன் பலர் காத்திருப்பார்கள். முன்பு வனவிலங்குப் படம் எடுப்பது வசதி படைத்தவர்களுக்கும் தொழில்முறைக் கலைஞர்களுக்கும் மட்டுமே எட்டக்கூடியதாக இருந்தது. இன்று மாணவர்களும் அந்தக் களத்தில் இறங்கலாம். இந்த மாற்றத்துக்கு அறிவியல் எப்படி உதவியது? போட்டியை அது எப்படி மாற்றியது?

பயிற்சிக்குச் செலவில்லை

பிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்கள்தான் எடுக்கலாம். படம் சரியாக அமையாவிட்டாலும் பிலிமுக்கும் அதைக் கழுவுவதற்கும் காசு கொடுக்க வேண்டும். இன்றைய கேமராக்களில் சில, ஒரே விநாடியில் 20 படங்களுக்கு மேல் எடுக்கின்றன. வேண்டாதவற்றை அழித்துவிடலாம். அதனால் எத்தனை முறை வேண்டுமானாலும் பழகிப் பார்க்கலாம்.

சிறிய உணரியின் கணக்கு

2018ல் வெளிவந்த நிக்கோன் பி1000 கேமராவின் அறிமுக விலை சுமார் 1,000 அமெரிக்க டாலர். 3,000 மில்லிமீட்டர் வில்லைக்கு ஈடான நெருக்கத்தை அது தரும். ஆனால், அதன் வில்லையின் உண்மையான குவியத் தூரம் அதிகபட்சம் 539 மில்லிமீட்டர்தான்!

ஒளியைப் பதிவு செய்யும் உணரியில்தான் சூட்சுமம் இருக்கிறது. பெரிய கேமராவின் உணரி 36 x 24 மில்லிமீட்டர். பி1000இன் உணரி ஏறத்தாழ 6 x 4.5 மில்லிமீட்டர். வில்லை உருவாக்கும் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டுமே அது பதிவு செய்கிறது. அதனால் தொலைவில் உள்ள பறவையும் படத்தை நிறைத்துவிடுகிறது.

இதில் ஓர் இழப்பும் உண்டு. அந்த நெருக்கத்தில் ஒளி நுழையும் துளையின் விட்டம் சுமார் 67 மில்லிமீட்டர். 10,000 டாலருக்கு மேல் விற்கும் 600 மில்லிமீட்டர் எஃப்/4 வில்லையில் அது 150 மில்லிமீட்டர் (600 ÷ 4). பரப்பளவில் ஐந்து மடங்கு! நல்ல வெயிலில் மலிவான கேமரா ஓரளவு ஈடுகொடுக்கும். விடியற்காலையிலும் இருண்ட காட்டிலும் விலை உயர்ந்த வில்லையே முந்தும்.

இடம் மாறிய போட்டி

லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் நடத்தும் 'ஆண்டின் சிறந்த வனவிலங்குப் புகைப்படக் கலைஞர்' போட்டி 1965ல் தொடங்கியபோது சில நூறு படங்களே வந்தன. 2024ல் வந்தவை 59,000க்கும் மேல். இத்தனை படங்களுக்கு நடுவே, தெளிவான மீன்கொத்திப் படம் ஒன்று மட்டும் நடுவர்களை நிறுத்தி வைக்காது. புதிய நடத்தை, புதிய கோணம், புதிய கதை வேண்டும்.

அவற்றைத் தேடித் தொலைதூரக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் உணவுத் துணுக்குக்காகச் சண்டையிட்ட இரண்டு சுண்டெலிகளின் படம் 2020ல் மக்கள் தேர்வு விருதை வென்றது. அதற்காகக் கலைஞர் ஏறக்குறைய ஒரு வாரம் நடைமேடையில் படுத்துக் காத்திருந்தார். 2024ல் முதல் பரிசு பெற்றது தலைப்பிரட்டைகளின் படம்.

விலங்குகள் தரும் விலை

போட்டி கடுமையாகும்போது குறுக்கு வழிகளும் முளைக்கின்றன. 2009ல் முதல் பரிசு வென்ற ஓநாய்ப் படம், அந்த ஓநாய் பழக்கப்பட்டதாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவு செய்ததால் தகுதி இழந்தது.

கூட்டைச் சுற்றி ஆட்கள் நெருங்கினால் தாய்ப்பறவை பறந்துவிடும். அந்த இடைவெளியில் முட்டைகள் வெயிலில் சூடாகலாம். காகமோ பாம்போ அவற்றைத் தின்றுவிடலாம். உணவு வைத்து விலங்குகளை வரவழைப்பதும் தவறு. சிங்கப்பூரின் வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி அவற்றுக்கு உணவளிப்போருக்கு முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

உங்களிடம் சாதாரண கேமராதான் இருக்கிறதா? வீட்டருகே ஒரு பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் பறவை எப்போது வருகிறது, எதைத் தின்கிறது, எங்கே அமர்கிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். அது அடுத்து என்ன செய்யும் என்பது தெரிந்துவிட்டால், விலகி நின்றே நல்ல படம் எடுக்கலாம்.