எரிமலைமேல் ஒரு கூக்குரல்

மனந்திரும்புதலைக் குறித்துப் போதிக்கும் நாம் ஆய்ந்து பார்க்கத்தக்க திரைப்படம் ஒன்று உண்டு. ரோபெர்ட்டோ ரொஸெல்லினி இயக்கி, இங்கிரிட் பெர்க்மன் நடித்து, 1950-இல் வெளிவந்த ‘ஸ்ட்ராம்போலி’ என்பதே அது.

கரின் என்னும் லித்துவேனியப் பெண், போருக்குப் பின் இத்தாலியில் ஓர் அகதிகள் முகாமில் இருக்கிறாள். அர்ஜென்டினா செல்ல அவளுக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. ஆகவே, முள்வேலிக்கு அப்பாலிருந்து தன்னை விரும்பிய அந்தோனியோ என்னும் மீனவனை மணக்கிறாள். முகாமைவிட்டு வெளியேற அவளுக்கு வேறு வழியில்லை. அவனுடைய ஊரோ சிசிலிக்கு வடக்கேயுள்ள எரிமலைத் தீவு. ஊரார் அவளை ஒதுக்குகின்றனர். உதவி நாடிச் சென்றவளுக்குக் குருவானவர் பொறுமையைப் போதிக்கிறார். கர்ப்பவதியான அவளை வீட்டில் அடைத்துக் கணவன் கதவுக்கு ஆணி அடிக்கிறான். அவள் தப்பி, தீவின் மறுபுறத்தை அடைய எரிமலைமேல் ஏறுகிறாள். புகையால் சோர்ந்து இரவில் அங்கேயே விழுந்து கிடக்கிறாள். விடியும்போது கடவுளை நோக்கிக் கதறுகிறாள். படம் அத்துடன் முடிகிறது.

அவள் ஊருக்குத் திரும்பினாளா, தப்பிச் சென்றாளா என்பதை ரொஸெல்லினி கூறவில்லை. ஆனால் அமெரிக்காவில் இதனை வெளியிட்ட ஆர்.கே.ஓ. நிறுவனம் படத்தை 81 நிமிடமாகச் சுருக்கி, அவள் கணவனிடமே திரும்புவதாகப் பொருள்படும் விளக்கவுரையை இறுதியில் சேர்த்தது. இவ்விரு முடிவுகளுக்கும் இடையே ஓர் இறையியல் வேறுபாடு உள்ளது.

தம்மைத் தேடாதவர்களாலும் கடவுள் கண்டடையப்பட்டார் என்னும் ஏசாயா 65:1-இன் கருத்தை ரொஸெல்லினி படத்தின் முகப்பில் வைத்துள்ளார். பவுல் ரோமர் 10:20-இல் எடுத்தாள்வதும் இதுவே. கரின் கடவுளைத் தேடி மலையேறவில்லை. படகைத் தேடியே ஏறினாள். எனினும் கூப்பிட்டாள். வேறு வழியற்றவளின் கூப்பிடுதல் மெய்யானதா என்று சிலர் வினவலாம். ஆழங்களிலிருந்து கதறிய சங்கீதக்காரனிடம் நாம் அவ்வாறு வினவுவதில்லை. கிருபை, நோக்கம் தூய்மையாகும்வரை காத்திருப்பதன்று.

சேர்க்கப்பட்ட விளக்கவுரையோ கடவுளிடம் திரும்புதலையும் கணவன் வீட்டிற்குத் திரும்புதலையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆணியடிக்கப்பட்ட கதவைப்பற்றி அது ஒன்றும் கேட்பதில்லை. நம்மிடம் ஆலோசனை நாடி வரும் பெண்களுக்கு நாமும் அத்தகைய முடிவுரையை விரைந்து எழுதிவிடக்கூடும். அவள் கூப்பிடுவதைக் கேட்பதும், அவளோடு நிற்பதும், அந்தக் கதவை அடைத்தவனிடம் பேசுவதும் நம் ஊழியம். அவள் எடுக்கவேண்டிய தீர்மானத்தைக் கடவுளுக்கும் அவளுக்கும் விட்டுவிடுவோமாக.