பழம் படகுக்குப் புது முலாம்

அமெரிக்கருக்கு மோட்டார் வண்டியின் மீதிருந்த மோகம் தண்ணீரிலும் இறங்கிய காலம் ஒன்று உண்டு. 1950-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அந்நாட்டுச் சிறு படகுகள் சிலவற்றுக்கு வண்டிகளைப் போலவே வால் சிறகுகள் முளைத்தன. முகப்பு விளக்கு, காற்றுத் தடுப்புக் கண்ணாடியின் தாங்கிகள், கயிறு பிணைக்கும் கொம்புகள் முதலிய யாவற்றிலும் குரோமியம் மின்னிற்று. படகின் உடலோ மரமன்று. கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்து அச்சில் படியவைத்து ஆக்கிய 'பைபர் கிளாஸ்'. ஒஹையோ மாநிலத்து டொலிடோ நகரில் ரே கிரீன் என்பவர் 1942-இல் இவ்வகைப் படகைக் கட்டியவர்களில் முன்னோடி.

இவ்வுடல் மரம்போல் உளுத்துப் போவதில்லை. ஆதலால் அரை நூற்றாண்டுக்கு மேல் கொட்டகையில் கிடந்த படகுகளையும் வெளியே இழுத்துச் சீர்செய்யும் ஆர்வலர் அங்கே பலர். அவர்களை வாட்டுவது உலோகச் சாமான்களே. அவற்றைச் செய்த கம்பெனிகளில் பல மறைந்துவிட்டன. ஒரு விளக்குக் கூட்டைக் கெடுத்துவிட்டால் அதன் ஜோடியைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

குரோமியம் என்று நாம் காண்பது வெறும் தோல். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அதன் கீழே நிக்கல். பெரும்பாலும் அதற்கும் கீழே செம்பு. அடியில் இருக்கும் உலோகம் யாது என்பதே முதற் கேள்வி. பித்தளையோ வெண்கலமோ ஆனால் கவலையில்லை. பழைய முலாமை நீக்கித் தேய்த்து மீண்டும் பூசலாம். துத்தநாக வார்ப்பாக இருந்தால்தான் சங்கடம். முலாமின் நுண்துளை வழியே ஈரம் புகுந்து துத்தநாகத்தை அரிக்கும். வெண்பொடி பூத்து, மேல்தோல் கொப்புளிக்கும். மறைவான அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பார்ப்பது நலம்: மஞ்சள் நிறம் தெரிந்தால் பித்தளை, சாம்பல் நிறமானால் துத்தநாகம்.

அமிலமும் காரமும் துத்தநாகத்தைத் தின்றுவிடும். ஏறத்தாழ 400 டிகிரி வெப்பத்திலேயே அது உருகுவதால் பற்றவைப்பதும் எளிதன்று. தேர்ந்த தொழிலாளி குழிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, முதலில் செம்பு பூசி, குழிகளை ஈயப்பற்றால் நிரப்பி, தேய்த்து மீண்டும் செம்பு பூசுவார். நிக்கலும் குரோமியமும் பிறகே. பள்ளியில் மின்கலத்தைக் கொண்டு சாவிக்குச் செம்பு பூசிக் காட்டி மாணவரை வியக்கவைக்கும் நமக்கு, இந்தப் பொறுமை வியப்பளிக்கிறது. மெருகுச் சக்கரத்தில் அவசரப்பட்டவர் கையில் பொறித்த எழுத்துகளும் கூரிய விளிம்புகளும் மழுங்கிப் போகின்றன. பள்ளம் இருந்த பொருள் பளிங்காகிவிடும். ஆனால் அது பழைய பொருளாக இராது. சிறு கீறலுள்ள சாமானை மெழுகிட்டுத் துடைத்து அப்படியே விடுவதே நம் கட்சி.

இந்தப் பளபளப்புக்குத் தொழிலாளி கொடுக்கும் விலையும் உண்டு. முலாம் தொட்டியில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த ஆறு-இணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. கலிபோர்னியா மாநிலம் 2023-இல் அலங்கார முலாமிலிருந்து அதை ஒழிக்க விதி செய்தது. மாற்றாக வரும் மூன்று-இணைதிறக் குரோமியத்தின் நிறம் சற்று வேறுபடுவதுண்டு. ஆகவே ஒரு படகின் சாமான்களை எல்லாம் ஒரே பட்டறையில் ஒரே தவணையில் பூசச் சொல்லவேண்டும்; இல்லையேல் இரண்டு கொம்புகள் இரண்டு நிறம் காட்டும்.

பக்கங்களில் ஓடும் நீண்ட பட்டைகளோ பெரும்பாலும் அலுமினியம். அவற்றுக்குக் குரோமியம் வேண்டா, மெருகே போதும். கழற்றும்போது வளைந்துவிடாமல் திருகாணிகளை முன்னதாகவே எண்ணெயில் ஊறவிடவேண்டும். நெருப்புக் காட்டினால் பிசின் மேற்பூச்சு கருகும்.

மீண்டும் பூட்டும்போது ஒவ்வொரு துளையிலும் நீர் புகாப் பசை இடவேண்டும். பைபர் கிளாஸ் உளுக்காது என்றோம். ஆனால் பின்பலகையின் உள்ளே பொதிந்துள்ள ஒட்டுப்பலகை உளுக்கும். புதுப்பொலிவுடன் மின்னும் கொம்பின் கீழ்த் துளை வழியே சொட்டும் நீர் ஐந்தாறு கோடைகளில் அதைச் சாணியாக்கிவிடும். பிறகு திருகாணி பிடிக்க இடமிராது.