கார் ஸ்டீரியோ: குறைந்த செலவில் குரல் தெளிவாகக் கேட்க என்ன செய்யலாம்?



பிரம்மதேசத்திலிருந்து சென்னைக்குப் போகும் குடும்பம் திண்டிவனம் வந்து ஜிஎஸ்டி சாலையில் ஏறினால், அதன் பிறகு சுமார் 120 கிலோமீட்டர் காரில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஜிப்மருக்கோ புதுச்சேரியில் ஒரு நிக்காஹ்வுக்கோ போனாலும், போக வர இரண்டு மூன்று மணி நேரம் காரில்தான் கழிகிறது. அந்த நேரத்தில் கிராஅத், பயான், செய்தி, பிள்ளைகளுக்கான கதை என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். கார் பழையதாக இருந்தால் அதில் பாதி இரைச்சலில் கரைந்துவிடும்.

இந்தக் குறையோடு ஆக்சஸரீஸ் கடைக்குப் போனால், பெரும்பாலும் முதலில் காட்டப்படுவது டிக்கியில் வைக்கும் ஊஃபர் பெட்டியும், டேஷ்போர்டில் மாட்டும் பெரிய ஆண்ட்ராய்டு திரையும்தான். இரண்டையும் மாட்டினால் பதினைந்து இருபதாயிரம் சாதாரணமாகக் கரையும். ஆனால் நாம் கேட்க நினைத்த குரல் அப்போதும் தெளியாமலே இருக்கும். ஏன் அப்படி, அதைவிடக் குறைந்த காசில் எதைச் செய்யலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

குரல் எங்கே இருக்கிறது?

ஒலியை ஹெர்ட்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். ஆண் பெண் பேச்சுக் குரல்களின் அடிச்சுருதி ஏறக்குறைய 85 முதல் 255 ஹெர்ட்ஸ் வரை. எந்த எழுத்து என்று காதுக்குப் புரிய வைக்கும் பகுதி அதற்கு மேலே, 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை அதிகம் இருக்கிறது. ‘ஸ’ போன்ற சீறும் ஒலிகள் இன்னும் மேலே 8,000 ஹெர்ட்ஸையும் தாண்டிப் போகும். ஊஃபர் வேலை செய்வதோ சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே. அதாவது மனிதக் குரல் தொடங்கும் இடத்தில் ஊஃபரின் வேலை முடிந்துவிடுகிறது. பயான் தெளியவில்லை என்பதற்காக ஊஃபர் வாங்குவது, கண் சரியாகத் தெரியவில்லை என்று செருப்பை மாற்றுவது போன்றதுதான்.

இதை ஒரு பழைய அனுபவத்தோடு ஒப்பிடலாம். சாதாரணத் தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைக் கடத்தும். அதனால்தான் போனில் பெயர் சொல்லும்போது ‘எஸ்’ஸா ‘எஃப்’பா என்று எதிரே இருப்பவர் திருப்பிக் கேட்கிறார். மட்டமான ஸ்பீக்கர் உள்ள காரிலும் இதேதான் நடக்கிறது.

மதரஸாவில் ஓதும் பிள்ளை காரில் கிராஅத்தைக் கேட்டுக் கூடவே ஓதுகிறது என்று வையுங்கள். ஸீன், ஷீன், ஸாத் ஆகிய மூன்றையும் காது பிரித்தறியும் அடையாளங்கள் பெரும்பாலும் அந்த மேல் பகுதியில்தான் இருக்கின்றன. ஸ்பீக்கர் அதை விழுங்கிவிட்டால் மூன்றும் ஒன்றுபோலவே விழும். பிள்ளை கேட்டபடிதான் சொல்லும். உஸ்தாத் பிறகு அதைத் திருத்த வேண்டியிருக்கும். ஆகவே காரின் ஒலித் தெளிவு, ஓதுகிற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வெறும் ஆடம்பர விஷயம் இல்லை.

காசு செலவழிக்கும் முன்

ஒரு ரூபாயும் செலவில்லாத நான்கு காரியங்களை முதலில் செய்து பாருங்கள். சில கார்களில் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஒன்று, செட்டில் உள்ள ‘பாஸ் பூஸ்ட்’, ‘லவுட்னஸ்’ இரண்டையும் அணையுங்கள். பாஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் (பூஜ்யத்தில்) வையுங்கள். பாஸ் ஏறினால் குரல் அதற்கு அடியில் அமுங்கும்.

இரண்டு, புளூடூத் அமைப்பைப் பாருங்கள். போனில் அந்தக் காரின் பெயரைத் திறந்தால் ‘அழைப்புகள்’ என்றும் ‘மீடியா ஆடியோ’ என்றும் தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். மீடியா ஆடியோ அணைந்திருந்து, அழைப்பு வழியாக ஒலி போனால் எல்லாமே தொலைபேசிக் குரல் போலத்தான் கேட்கும்.

மூன்று, நீங்கள் ஓட்டும் கோப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கூட்டத்தின் கடைசி வரிசையில் இருந்து போனில் பதிவு செய்து, பத்துக் குழுக்களில் சுற்றி வந்த பயானை எந்த ஸ்பீக்கரும் தெளிவாக்க முடியாது. இசையற்ற பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் தரமே போதும். ஆனால் மூலப் பதிவு மைக்கிலிருந்து நேராக எடுத்ததாக இருக்க வேண்டும்.

நான்கு, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைப் பயன்படுத்துகிறீர்களா? செட்டில் ஆக்ஸ் துளை இருந்தால் ஒரு சாதாரண ஆக்ஸ் வயரை வாங்கி அதில் போடுங்கள். திண்டிவனத்தில் காலியாக இருந்த அலைவரிசையில் சென்னையை நெருங்கும்போது வேறு நிலையம் புகுந்துவிடும். வயரில் அந்தத் தொல்லை கிடையாது.

பெட்டியில் எழுதிய வாட்ஸ்

செட்டின் பெட்டியில் ‘50 வாட்ஸ் × 4’ அல்லது ‘52 வாட்ஸ் × 4’ என்று பெரிதாக எழுதியிருக்கும். இந்த எண் எங்கிருந்து வருகிறது தெரியுமா? இன்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் அதிகபட்சம் 14.4 வோல்ட் அளவில் இருக்கும். சாதாரண கார் ஸ்பீக்கரின் தடை 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 51.84 வரும். அதுதான் அந்த 52. ஒலி முழுவதும் சிதைந்து கரகரக்கும் நிலையில் மட்டுமே கிடைக்கும் கணக்கு அது. சிதையாமல் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. பெரும்பாலான செட்களில் 20 வாட்ஸ் அளவுதான்.

ஆகவே ‘மேக்ஸ்’, ‘பீக்’ என்ற எண்களை விட்டுவிட்டு ‘ஆர்எம்எஸ்’ என்று எழுதியிருப்பதை மட்டும் பாருங்கள். ஸ்பீக்கர் வாங்கும்போது இன்னொரு எண்ணும் முக்கியம். அதன் பெயர் சென்சிட்டிவிட்டி. டெசிபலில் எழுதியிருப்பார்கள். இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒரே முறையில் அளந்திருந்தால், 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் தேவைப்படும் இடத்தில் 91 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட்ஸ் போதும். மூன்று டெசிபல் கூடினால் பாதி மின்சாரம் மிச்சம் என்பது கணக்கு. தனி ஆம்ப்ளிஃபயர் வாங்காமல், இருக்கிற செட்டிலேயே ஓட்ட நினைப்பவர்கள் சென்சிட்டிவிட்டி அதிகமுள்ள ஸ்பீக்கரைத்தான் தேட வேண்டும்.

காசு போக வேண்டிய இடம்: முன் கதவுகள்

முதல் செலவு முன் கதவு ஸ்பீக்கர் ஒரு ஜோடி. விலை குறைந்த பழைய கார்களில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைக் காகிதக் கூம்பு. வருடக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டு அது தளர்ந்திருக்கும். ட்வீட்டர் இருக்காது. ட்வீட்டரும் சேர்ந்தே வரும் ‘கோஆக்சியல்’ ஸ்பீக்கரைப் போட்டால் மேல் பகுதி ஒலி திரும்பக் கிடைக்கும். ட்வீட்டர் தனியாக வரும் ‘காம்பொனன்ட்’ வகை இன்னும் நல்லது. ஆனால் ட்வீட்டரை முன் கண்ணாடி ஓரத் தூணில் துளைத்து மாட்டச் சொல்லாதீர்கள். பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் அந்தத் தூணை ஒட்டித்தான் விரியும்.

வாங்கும் முன் டோர் பேடைக் கழற்றி ஸ்பீக்கரின் குறுக்களவையும், கண்ணாடியை முழுக்க இறக்கினால் பின்னால் எவ்வளவு ஆழம் மிஞ்சுகிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். ஆழம் பார்க்காமல் வாங்கிய ஸ்பீக்கரின் காந்தம் கண்ணாடியில் இடிக்கும்.

இரண்டாவது செலவு கதவுக்கே. கதவு என்பது உள்ளே காலியான ஒரு தகரப் பெட்டி. ஸ்பீக்கர் அதிரும்போது தகரமும் சேர்ந்து அதிர்ந்து குரலைக் குழப்புகிறது. பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை வெளித் தகரத்தின் உட்புறத்தில் ஒட்டி, உள் தகரத்தில் உள்ள பெரிய ஓட்டைகளையும் மூடினால் அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கர் போலக் கேட்கும். சாலை இரைச்சலும் ஓரளவு குறையும். ஆனால் கதவின் அடி விளிம்பில் உள்ள சிறு துளைகளை மூடிவிடக் கூடாது. மழைநீர் வெளியேறும் வழி அவைதான். மூடினால் மரக்காணம் பக்கத்து உப்புக் காற்றில் கதவு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையமும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். எம்டிஎஃப் பலகை ஈரத்தில் ஊதிவிடும்.

மூன்றாவது செலவு செட். ஏற்கெனவே உள்ள செட்டில் புளூடூத் அல்லது ஆக்ஸ் இருந்தால் அதை விட்டுவிடலாம். இரண்டும் இல்லாத பழைய செட் என்றால் மட்டும் புளூடூத், யுஎஸ்பி உள்ள சாதாரண செட் ஒன்று வாங்குங்கள். பெரிய திரை குரலுக்கு எதையும் சேர்ப்பதில்லை. ஓட்டுபவரின் கண்ணைச் சாலையிலிருந்து இழுக்கும் ஆபத்துதான் கூடுதல்.

கையில் பத்தாயிரம் ரூபாய் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: முன் ஸ்பீக்கர் ஜோடிக்கு 3,500, இரண்டு கதவு டேம்பிங்குக்கு 2,000, வளையம், கப்ளர், கூலி ஆகியவற்றுக்கு 1,500, தேவைப்பட்டால் மட்டும் செட்டுக்கு 3,000. செட் மாற்றத் தேவையில்லை என்றால் ஏழாயிரத்தோடு வேலை முடியும். கடைக்குக் கடை விலை மாறும். திண்டிவனத்தில் விசாரித்துவிட்டு, சென்னை போகும் வேலை இருந்தால் கார் உதிரிகளுக்குப் பெயர்போன ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் விலை கேட்டுப் பாருங்கள். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள்.

பின் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், ஊஃபர் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. முன் கதவுகள் சரியாகிவிட்டால் பெரும்பாலான குடும்பங்களுக்கு அவற்றின் தேவையே வராது.

வயரிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள்

ஸ்பீக்கர் சுமாராக இருந்தால் ஒலிதான் கெடும். வயரிங் சுமாராக இருந்தால் கார் தீப்பிடிக்கவும் கூடும். பின் இருக்கையில் பிள்ளைகள் உட்காரும் வண்டி என்பதை மனதில் வைத்து, வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இவற்றைக் கவனியுங்கள்.

கம்பெனி வயரை வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றும் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். காரின் மாடலுக்கு ஏற்ற கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செருகினால் போதும். வாரண்டி உள்ள காரில் வயரை வெட்டினால், பின்னால் வரும் மின்கோளாறுக்கு அதையே காரணம் காட்டி கையை விரிக்க இடம் கொடுத்ததாகும்.

வெளியில் வாங்கும் செட்களில் மஞ்சள் வயர் பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு எர்த்துக்கு. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு இருந்தால் அது மைனஸ். காரின் சொந்த வயர் நிறங்கள் வேறாக இருக்கும் என்பதால் கப்ளர்தான் பாதுகாப்பு. ஸ்பீக்கரின் மைனஸ் வயரைக் காரின் உடம்பில் எர்த் செய்யவே கூடாது. செட் எரிந்துவிடும்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போனால் இரண்டு பக்க ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும். குரல் மெலிந்து, எங்கிருந்தோ வருவது போலக் கேட்கும். சோதிப்பது எளிது. செட்டிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ்ஸையும், மைனஸில் மைனஸையும் ஒரு நொடி தொடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால் சரி.

எப்போதாவது ஆம்ப்ளிஃபயர் மாட்ட நேர்ந்தால், பேட்டரியிலிருந்து வரும் வயரில் 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத வேலையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வேலை முடிந்ததும் எதைப் போட்டுப் பார்ப்பது?

கடைக்காரர் அதிரும் சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டுவார். அதில் எந்தக் குறையும் தெரியாது. இசையற்ற ஒற்றைக் குரலைப் போடச் சொல்லுங்கள். 1960களின் தொடக்கத்தில் பதிவான ஷைக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் நிதானமான கிராஅத் இதற்கு மிகப் பொருத்தம். ஒவ்வோர் எழுத்தும் தனித்து நிற்கிறதா, ஸீனும் ஸாதும் வேறு வேறாக விழுகிறதா என்று கேளுங்கள். கேசட் காலத்தில் நாம் கேட்டு வளர்ந்த நாகூர் ஹனிபா அவர்களின் குரலையும் போட்டுப் பார்க்கலாம். அவர் உச்சத்தில் நிற்கும் இடத்தில் கரகரப்பு இல்லாவிட்டால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

எவ்வளவு சத்தம்?

வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்பது காதுக்குப் பாதுகாப்பானது என்பது உலக சுகாதார அமைப்பின் அளவுகோல். பிள்ளைகளுக்கு அது 75 டெசிபல். சத்தம் மூன்று டெசிபல் ஏறினால் கேட்கலாகும் நேரம் பாதியாகக் குறையும். 83 டெசிபல் என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10 மணி நேரம். கருவி இல்லாமல் சோதிக்க ஒரு வழி: முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்ள முடிய வேண்டும். ஆம்புலன்ஸ் சைரனும் காதில் விழ வேண்டும்.

வெளியே போகும் சத்தத்துக்கும் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் எல்லை. அமைதி மண்டலங்களான மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் அது இன்னும் குறைவு. கண்ணாடியை இறக்கிவிட்டுத் தெரு அதிர ஓட்டுவது பயானாகவே இருந்தாலும், அடுத்த வீட்டில் நோயாளியோ தூங்கும் குழந்தையோ இருந்தால் அது தொந்தரவுதான். அண்டை வீட்டாரின் உரிமை நாம் அறியாத பாடம் இல்லை.

இந்த மாதம் ஸ்பீக்கரும் கதவும், வசதி வரும்போது செட் என்று பிரித்துச் செய்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. கடனுக்கு வாங்க வேண்டிய பொருள் இதில் எதுவும் இல்லை. கடைக்குப் போகும் முன் செலவில்லாத அந்த நான்கு காரியங்களையும் இன்று மாலையே செய்து பார்த்துவிடுங்கள்.