கம்ப்யூட்டருக்கும் உண்டு இலக்கணம்!

1988-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் இருந்த கம்ப்யூட்டர்கள் திடீரென்று திணறத் தொடங்கின.

காரணம் என்ன? ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் எழுதி அனுப்பிய ஒரு புரோகிராம்! அது தன்னைத் தானே பிரதி எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. சுமார் 6 ஆயிரம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக அன்று மதிப்பிட்டார்கள்.

அது நுழைந்த வழிகளில் ஒன்று, சி என்னும் கம்ப்யூட்டர் மொழியில் உள்ள "கெட்ஸ்" என்ற சிறிய பங்ஷன்.

ஆழாக்கில் ஒரு படி

பங்ஷன் என்றால் கல்யாணம், காதுகுத்து அல்ல! ஒரு வேலையைச் செய்யும் முறையை எழுதி, அதற்குப் பெயர் வைத்து விடுகிறார்கள். வேண்டும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், வேலை நடக்கும்.

வெளியிலிருந்து வரும் எழுத்துக்களை வாங்கி வைப்பது கெட்ஸின் வேலை. ஆனால், இடம் இருக்கிறதா என்று அது பார்க்காது. ஆழாக்கில் ஒரு படி அரிசியைக் கொட்டினால் என்ன ஆகும்? 512 எழுத்துக்களுக்கான இடத்தில், மோரிசின் புரோகிராம் 536 எழுத்துக்களைக் கொட்டியது. வழிந்தவை கம்ப்யூட்டரைத் திசை திருப்பிவிட்டன!

முருகனும் பாலமுருகனும்

கெட்ஸைக் கூப்பிடும் இடங்களைத் தேடி மாற்றிவிடலாமே என்பீர்கள். பெரிய புரோகிராமில் பல லட்சம் வரிகள் இருக்கும். "முருகன்" என்று தேடினால் "பாலமுருகனும்" வருவார் அல்லவா? அதுபோல, இடம் பார்த்து வாங்கும் "எப்கெட்ஸ்" என்ற நல்ல பங்ஷனும் வந்து நிற்கும். "கெட்ஸ் வேண்டாம்" என்று யாரோ எழுதி வைத்த குறிப்பும் வந்து நிற்கும்!

மரம் விரிகிறது

பள்ளிக்கூடத்தில் எழுவாய், பயனிலை என்று வாக்கியத்தைப் பிரித்தோமே, அதே வேலையைச் செய்யும் கருவிக்கு "பார்சர்" என்று பெயர். "ட்ரீ-சிட்டர்" அப்படிப்பட்ட ஒன்று. இலவசமாகவே கிடைக்கிறது. அது புரோகிராமை வாசித்து, கிளையும் இலையுமாக மரம்போல் விரிக்கிறது. இது குறிப்பு, இது பெயர், இது அழைப்பு என்று பிரித்துக் காட்டுகிறது. அழைப்புகளை மட்டும் எடுத்து, எந்த வரியில் எந்த பங்ஷன் கூப்பிடப்படுகிறது என்று பட்டியல் போடலாம்.

வேறு பெயரில் மறைந்து நிற்கும் அழைப்பு இந்தப் பட்டியலுக்குத் தப்பிவிடலாம். ஆகவே, மனிதக் கண்ணும் வேண்டும்.

மோரிசுக்கு 10,050 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2011-ல் சி மொழியின் விதிகளிலிருந்தே கெட்ஸ் நீக்கப்பட்டது. ஆனால், பழைய புரோகிராம்களில் எழுதியது எழுதியபடியே இருக்கும். அவற்றை நம்புகிறவர்கள் முதலில் பட்டியலைப் போட்டுப் பார்ப்பது நல்லது!