தஞ்சைக் கல்லில் ஒரு பங்கேடு

நமது சங்கத்தின் அங்கத்தினர் பேரேட்டில் ஒரே பெயர் இருமுறை வருமாயின் கணக்கர் என்ன செய்கிறார்? தகப்பனார் பெயர், ஊர், கதவெண் ஆகியவற்றைப் பார்த்து ஆளை அறிகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்களை ஆராய்வோர் கைக்கொள்ளும் முறையும் இதுவே. அதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் மதிலைக் காட்டிலும் சிறந்த ஏடு கிடைப்பது அரிது.

இராஜராஜ சோழன் தனது 29-ஆம் ஆட்சியாண்டு (கி.பி. 1014) வரையில் செய்த பணியாளர் ஏற்பாடு அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணர்ந்து குடியேற்றப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். ஆக 40,000 கலம்! அளக்கும் மரக்காலின் பெயரும் விடுபடவில்லை, அது 'ஆடவல்லான்'.

பெயர்களைப் படிக்கப் புகுந்தால் ஒரு சிக்கல் எழுகிறது. நக்கன் சேரமங்கை, நக்கன் எடுத்தபாதம், நக்கன் சோழகுலசுந்தரி என்று எல்லோரும் 'நக்கன்' என்றே தொடங்குகின்றனர். நக்கன் என்பது சிவபெருமானின் பெயர். பெற்ற தந்தை யாரென்று கல் சொல்லவில்லை. ஆயினும் எழுதியவர் கணக்கில் கெட்டிக்காரர். எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா, எத்தனையாவது வீடு, முன்பிருந்தது திருவாரூரா, திருவையாறா, நாகப்பட்டினமா, அங்கும் எந்தக் கோயில் என்று ஒவ்வொருவருக்கும் குறித்திருக்கிறார். ஒரே பெயருடைய இருவரை நாம் இன்றும் பிரித்தறிவது இதனாலேயே.

மறைந்த குடும்பம் வேறோரிடத்தில் வெளிப்படுகிறது. பங்குடையவர் இறந்தாலோ வேற்றிடம் சென்றாலோ அடுத்த உறவினர் அப்பணியைச் செய்து நெல்லைப் பெறவேண்டும். அவருக்குத் தகுதியில்லையேல் தகுதியுள்ளவரை அவரே தெரிந்து அமர்த்தவேண்டும். உறவினரே இல்லையாயின், அதே பணியிலுள்ள ஏனையோர் கூடித் தேர்ந்தெடுக்கவேண்டும். வாரிசு நியமனப் படிவத்தை நிரப்பாமல் காலங்கடத்தும் நம் அங்கத்தினர்கள் இதைக் கவனிப்பார்களாக!

ஆண்களின் பெயர்கள் வேறு வகை. தச்சாசாரியனை 'குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன்' என்கிறது அதே கல்வெட்டு. 'ஆன' என்னும் ஈரெழுத்துக்கு முன்னே நிற்பது அவனது சொந்தப் பெயர். பின்னே நிற்பது மன்னன் பெயரால் வந்த பட்டம். இதை உணராதோர் ஒருவனை இருவராக எண்ணக்கூடும்.

ஒரு கோயிலோடு நில்லாமல், சோழர் கல்வெட்டுகளில் காணும் பெயர்களை நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுய் ஆகிய மூவர் தொகுத்து 1978-இல் வெளியிட்டனர். நெல் விளைப்போருக்கு அதில் தனிச் சுவையுண்டு. ஊர்ப்பெயரோடு ஒட்டி வரும் 'உடையான்' என்ற சொல் நில உடைமையைக் காட்டுவது. பிற்காலச் சோழர் நாளில் கீழ்க்காவிரி வெளியில் அத்தகைய பெயர்கள் பெருகுவதைக் கண்ட கராஷிமா, ஊரார் பொதுவில் ஆண்ட நிலம் தனியார் கைக்கு மாறியதன் அடையாளம் அது என்று கொண்டார்.