விருந்துக்குப் போன இடத்திலும் நடப்போம்

தீபாவளிக்குப் பட்டணத்திலிருந்து தோட்டத்துக்கு வருகிறோம். அங்கே தினமும் நடந்த நாம், இங்கே முறுக்கும் அதிரசமுமாக ஒரு வாரம் உட்கார்ந்துவிடுகிறோம். "வந்த இடத்திலே என்னய்யா நடை, உட்காரு!" என்பார் பாட்டி.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இது ஆகாது. நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவிடுகின்றன. அந்தப் பலன் இரண்டு மூன்று நாளில் குறைந்துவிடும். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நாளுக்கு 30 நிமிடம், ஐந்து நாள், அவ்வளவுதான்.

வெயில் ஏறுமுன் செம்மண் சாலையில் கோயில்வரை நடப்போம். சாப்பிட்டபின் பத்து நிமிடம் லயத்தைச் சுற்றி வருவோம். இன்சுலின் ஊசி போடுபவர்கள் சட்டைப்பையில் ஒரு மிட்டாய் வைத்திருக்கட்டும். சர்க்கரை இறங்கினால் உதவும். பாட்டியையும் கைபிடித்து அழைத்துச் செல்வோம். ஊர்க்கதையும் கேட்கலாம், நடையும் நடந்துவிடும்.