பதிவேட்டில் விழாத பெயர்கள்

மாத்தளை மாவட்டத்து எல்கடுவ பக்கத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டுக்களத்தை விளக்கத் தேவையில்லை. காலையில் ஆட்கள் வந்து நிற்பார்கள், பெயர் கூப்பிடப்படும், கூப்பிட்ட பெயர் செக்ரோலில் ஏறும். முழுப்பேரா அரைப்பேரா என்பதற்கு அந்தப் புத்தகம்தான் சாட்சி. நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறித்தவராகவே இருக்கட்டும், புத்தகத்தில் பேர் விழவில்லையென்றால் சம்பள நாளில் வாதாடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பெரிய கணினி வலையமைப்பை நிர்வகிப்பதும் ஏறக்குறைய இந்தக் கதைதான். ஒரு வங்கியோ பல்கலைக்கழகமோ தொலைபேசிக் கம்பனியோ நாடெங்கும் வைத்திருக்கும் ரவுட்டர்களை யாரும் நேரில் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேலாண்மை மென்பொருள் ஒன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு ரவுட்டரையும் கூப்பிட்டு, உயிரோடு இருக்கிறாயா, எவ்வளவு தரவு கடந்தது, எந்த வாயில் மூடிக் கிடக்கிறது என்று விசாரிக்கிறது. இந்த விசாரணைக்கு 1988இல் வகுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை இன்றும் ஓய்வு பெறவில்லை. யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதற்குச் சொல்வது ஒரு பதிவேடு. அதில் ஏறாத ரவுட்டர் ராப்பகலாக ஓடினாலும் நிர்வாகிக்கு அது இல்லாத ரவுட்டர். நின்றுபோனால் எச்சரிக்கை வராது, அதன் மென்பொருளில் ஓட்டை இருந்தால் அடைக்கவும் ஆள் போகாது.

பெயரை எழுதிவைப்பதில் என்ன பெரிய சிரமம் என்று தோன்றும். சிரமம் ரவுட்டரின் பிறவியிலேயே இருக்கிறது. மேசைக் கணினிக்கு ஒரு முகவரி போதும். பல வலைகளை இணைப்பதே ரவுட்டரின் தொழில் என்பதால் அதன் ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு தனி ஐ.பி. முகவரி வேண்டும். மாத்தளையில் ஒரு ரவுட்டர் இருந்தால் அதற்குக் கொழும்பைப் பார்த்த வாயிலில் ஒரு முகவரி, கண்டியைப் பார்த்த வாயிலில் ஒன்று, உள்ளூர் வாயிலில் ஒன்று. தானாகத் தேடிப் பதியும் மென்பொருளை அமைப்புச் சரியில்லாமல் அவிழ்த்துவிட்டால் ஒரே பெட்டியை மூன்று பெட்டிகளாக எழுதிவைக்கும். சரி, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று கண்டி வாயிலின் முகவரியில் பதிந்தால் வேறு வம்பு. கண்டிக் கம்பி அறுந்த நிமிடத்தில், மற்ற இரண்டு வாயில்களும் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, ரவுட்டர் மொத்தமும் செத்ததாகத் திரையில் சிவப்பு எரியும்.

இதற்குத்தான் ‘லூப்பேக்’ என்ற உள்முகவரியைப் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அது எந்தக் கம்பியோடும் ஒட்டாதது. ஏதாவது ஒரு வழி திறந்திருக்கும் வரை அந்த முகவரிக்குப் போய்ச் சேரலாம். பதிவேட்டில் லூப்பேக் முகவரியையும், பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் தொடரிலக்கத்தையும் சேர்த்து எழுதுவது நல்ல வழக்கம். முகவரி மாறலாம், பெயர் மாறலாம், தொடரிலக்கம் மாறாது. பெட்டியையே மாற்றிவிட்டார்கள் என்பதைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

மெய்நிகர் ரவுட்டர் வந்ததும் இந்த ஒழுங்கும் ஆட்டம் காண்கிறது. அந்தப் பெயரில் இரண்டு வேறு வேறு சரக்குகள் உலாவுகின்றன.

முதலாவது, 1998இல் வந்த வி.ஆர்.ஆர்.பி. நெறிமுறை உண்டாக்குவது. ஓர் அலுவலகத்துக் கணினிகள் எல்லாம் வெளியே போக ஒரே ரவுட்டரை நம்பியிருந்தால், அது நின்றதும் எல்லோரும் நிற்பார்கள். அதனால் இரண்டு ரவுட்டர்களை வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரு கற்பனை முகவரி கொடுக்கிறார்கள். கணினிகளுக்குத் தெரிந்தது அந்த முகவரி மட்டுமே. இரண்டில் முதல்வராக இருக்கும் ரவுட்டர் வினாடிக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். மூன்று அறிவிப்புகள் தொடர்ந்து வரவில்லையென்றால், வழக்கமான அமைப்பில் சுமார் 3.6 வினாடிக்குள், காத்திருந்த ரவுட்டர் அதே முகவரியைத் தோளில் ஏற்றிக்கொள்ளும். பயனர் கண் சிமிட்டி முடிப்பதற்குள் இல்லாவிட்டாலும், எழுந்துபோய் யாரையாவது திட்டுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

பதிவேட்டுக்குப் பொல்லாத இடம் இதுதான். அவசரத்தில் அந்தக் கற்பனை முகவரியை மட்டும் ஒரு ரவுட்டர் என்று பதிந்து வைப்பவர்கள் உண்டு. மேலாண்மை மென்பொருள் கூப்பிடும்போதெல்லாம் யாராவது ஒருவர் ‘இருக்கிறேன்’ என்று பதில் சொல்லிவிடுவதால் திரை பச்சையாகவே இருக்கும். இரண்டில் ஒன்று செத்து மாதக்கணக்கானாலும் பச்சைதான். மற்றதும் போகிற அன்றைக்குத்தான் துணை ரவுட்டர் என்று ஒன்று இல்லவே இல்லை என்பது தெரியவரும். பழுதைத் தாங்குவதற்கென்று செய்த ஏற்பாடே பழுதை மறைத்துவிடுகிறது. கவனமுள்ள கண்ணுக்கு ஒரு தடயம் கிடைக்கும்: ஆள் மாறிய நேரத்தில் தரவுக் கணக்கு காரணமில்லாமல் குதித்திருக்கும், ஏனென்றால் அது வேறொரு பெட்டியின் கணக்கு. ஆனால் அந்த வரைபடத்தை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்?

ஆகவே மூன்று பதிவுகள் வேண்டும். உண்மை ரவுட்டர்கள் இரண்டும் தத்தம் சொந்த முகவரியில். மூன்றாவதாக மெய்நிகர் ரவுட்டர், அதன் குழு எண்ணோடும், இன்னின்ன பெட்டிகள் இதைச் சுமக்கின்றன என்ற குறிப்போடும். குழு எண்ணை விட்டுவிடக் கூடாது. அது 1 முதல் 255 வரை இருக்கலாம். மெய்நிகர் ரவுட்டரின் வன்பொருள் முகவரி ஆறு பகுதிகள் கொண்டது. முதல் ஐந்தும் உலகெங்கும் ஒன்றே, கடைசிப் பகுதி மட்டும் குழு எண். ஒரே உள்ளூர் வலையில் இரண்டு இணைகள் ஆளுக்கொரு பக்கம் 1 என்ற எண்ணைத் தேர்ந்தால் இரண்டுக்கும் ஒரே வன்பொருள் முகவரி வாய்த்து, தரவு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அலையும். எல்லோரும் 1 என்றுதான் தொடங்குகிறார்கள் என்பது துறைக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி.

இரண்டாவது வகை இதற்குத் தலைகீழ். முன்னதில் இரண்டு பெட்டிகள் ஒரு ரவுட்டராக நடித்தன, இதில் ஒரே பெட்டி பல ரவுட்டர்களாக நடிக்கிறது. தொலைபேசிக் கம்பனி ஒன்று தன் பெரிய ரவுட்டருக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி வழிப்பட்டியல் வைத்துக்கொடுக்கும். ஒரு வங்கியும் ஒரு மருத்துவமனையும் ஒரே பெட்டியைப் பகிர்ந்தாலும் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. இருவருமே உள்ளுக்குள் 192.168.1.1 என்ற முகவரியை வைத்திருக்கவும் கூடும். ‘ஒரு முகவரிக்கு ஒரு பதிவு’ என்று கட்டிய பதிவேடு இங்கே ஒருவரை மற்றவரின் மேல் எழுதிவிடும். முகவரியோடு எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்ற அடையாளமும் சேர்ந்தால்தான் பதிவு நிற்கும்.

இப்படிப் பதிந்துவைக்க உதவும், டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2016இல் திறந்த மூலமாக வெளியிட்ட நெட்பாக்ஸ் போன்ற மென்பொருள்களில் பெட்டி, வாயில், முகவரி, வழிப்பட்டியல் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. தானாகத் தேடிப் பதிவதுதான் நவீனம், கையால் எழுதுவது பழசு என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. தேடல் சொல்வது என்ன இருக்கிறது என்பதை. என்ன இருக்க வேண்டும் என்பதை மனிதன்தான் எழுத வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் திருட்டுத்தனமாகச் சொருகிய பெட்டியும் காணாமல்போன பெட்டியும் அகப்படும்.

பதிவேடு இருந்தும் யாரும் புரட்டிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2008 பெப்ரவரி 24 சாட்சி. இணையத்தில் சேரும் ஒவ்வொரு பெரிய வலையமைப்புக்கும் ஓர் எண் உண்டு. ஸ்ரீலங்கா டெலிகொமுக்கு 9329, டயலொக்கிற்கு 18001. நம் பகுதியில் இந்த எண்களையும் முகவரிகளையும் பதிந்து வைப்பது பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக் அமைப்பு. அன்று பாகிஸ்தான் டெலிகொம் தன் நாட்டுக்குள் யூடியூபை முடக்கப்போய், யூடியூபின் 256 முகவரிகள் தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. யூடியூப் அவற்றை 1,024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதியாக அறிவித்திருந்தது. குறுகலான அறிவிப்பையே ரவுட்டர்கள் நம்பும் என்பதால், பாகிஸ்தானுக்கு மேலிணைப்புக் கொடுத்த ஹொங்கொங் நிறுவனம் சரிபார்க்காமல் கடத்திவிட, உலகின் பல இடங்களில் யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் காணாமல் போனது. அந்த முகவரிகளின் உரிமையாளர் யார் என்பது பதிவேட்டில் தெளிவாகவே இருந்தது. இப்போது டிஜிட்டல் கையெழுத்திட்ட பதிவுகள் வந்திருக்கின்றன, அவற்றோடு ஒத்துப்போகாத அறிவிப்பை ரவுட்டரே தள்ளிவிடலாம்.

வீட்டு ரவுட்டரும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. 2004இல் வெளியான டி.ஆர்.069 என்ற நெறிமுறைப்படி, இணையக் கம்பனி கொடுக்கும் பெட்டி முதன்முதலில் மின்சாரம் ஏறியதும் தானாகவே கம்பனியின் சேவையகத்துக்குத் தன் தயாரிப்பாளரையும் தொடரிலக்கத்தையும் சொல்லிப் பதிந்துகொள்ளும். வசதிதான், ஆனால் கம்பனி பெட்டியோடு பேசும் அந்த வாசல் வெளியாருக்கும் திறந்திருந்தால் ஆபத்து. 2016 நவம்பரில் இதே வாசலைக் குறிவைத்த தாக்குதலில் ஜெர்மனியின் டொய்ச்ச டெலிகொம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்புத் தடுமாறியது.

எல்கடுவயிலோ உக்குவளையிலோ ஒரு பாடசாலை, கூட்டுறவுக் கடை, தோட்ட அலுவலகம் எதற்காவது இணைப்பைப் பார்த்துக்கொள்பவர் நீங்கள் என்றால், பெரிய மென்பொருள் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொரு ரவுட்டரையும் திருப்பிப் பார்த்து அடியில் ஒட்டியிருக்கும் தொடரிலக்கத்தையும் வன்பொருள் முகவரியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எங்கே இருக்கிறது, யார் பூட்டியது, எப்போது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு ரவுட்டர்கள் ஒரு முகவரியைப் பகிர்ந்தால் அதற்கு ஒரு தனி வரி போடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அந்தக் கொப்பியில் எழுத வேண்டாம். பெட்டியோடு வந்த கடவுச்சொல் இன்னும் மாறாமல் இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.